கடைசி பஸ் ஊரிலேயே தூங்கும்

சின்ன வயதில் எங்கள் ஊருக்கு ஒரு நைட் ஹால்ட் பஸ் வரும். ராத்திரி ஒன்பதரைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்து ஊர்க்கோடி ஆலமரத்தடியில் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் பஞ்சாயத்துக் கட்டடத் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். காலை ஐந்தரைக்கு அதே பஸ் பால்கேன், பூக்கூடை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பும். 47 வயதில், ஹிமாசலப் பிரதேசத்தில் 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிப்பர் என்ற கிராமத்தில் அதே மாதிரி ஒரு பஸ்ஸைப் பார்த்தேன். அன்று ராத்திரி அந்த பஸ் அங்கே நின்றது எங்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போனது நானும் என் மச்சினனும். அவனுக்கு 26 வயது. தினமும் ஜிம்முக்குப் போகிறவன். திட்டம் சுலபமானது. சிம்லாவில் ஆரம்பித்து, கின்னௌர் மாவட்டம் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குள் போய், குன்சும் கணவாயைத் தாண்டி மணாலியில் இறங்குவது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு பெரிய அரைவட்டம், 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஜீப் எடுப்பதில்லை, பைக் எடுப்பதில்லை, ஊர்க்காரர்கள் போகிற பஸ்ஸில்தான் போவது என்று முடிவு செய்திருந்தோம். கையில் காசு அதிகமில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், மலைச்சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் மலையை யார் பார்ப்பது?

'காஸாவுக்குப் போறோம்' என்று போனில் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள். டிவியில் தினமும் கேட்கும் பெயர் அவளுக்கு. இது ஸ்பிதியின் தலைநகரான காஸா என்று புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போனது.

இந்த வட்டத்தைச் சிம்லா பக்கமிருந்துதான் சுற்ற வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் தலைகீழாகப் போகிறார்கள். மணாலியின் உயரம் சுமார் 2,000 மீட்டர். காலையில் அங்கே கிளம்பினால் அன்றைக்கே 4,551 மீட்டர் குன்சுமைத் தாண்டி, ராத்திரி காஸாவில் 3,600 மீட்டருக்கு மேல் படுக்க வேண்டும். உடம்புக்குப் பழக நேரமே கிடையாது. சிம்லா பக்கம் அப்படியில்லை: சிம்லா 2,200, கல்பா 2,960, நாக்கோ 3,660, அப்புறம் சற்று இறங்கி தாபோ 3,280, அதன்பின் காஸா. படிப்படியாக ஏறலாம். இன்னொன்று, குன்சும் கணவாய் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மே வரை பனியில் மூடிக் கிடக்கும். ஜூனிலும் சில வருஷம் திறக்காது. கின்னௌர் வழி அநேகமாக வருஷம் முழுக்க ஓடும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். மழை முடிந்திருந்தது, கணவாய் திறந்திருந்தது.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து கால்கா, கால்காவிலிருந்து 1903இல் போட்ட அந்தச் சின்ன ரயிலில் 96 கிலோமீட்டர், நூற்றுச் சொச்சம் குகைகள், சிம்லா. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பஸ்ஸுக்கு வருகிறேன்.

சிம்லாவிலிருந்து ரெகாங் பியோ முழுசாக ஒரு பகல். தியோக், நார்கண்டா வழியெல்லாம் ஆப்பிள் லாரிகள். அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு எறும்பு வரிசைபோல நிற்கும். நார்கண்டாவில் 2,700 மீட்டருக்கு ஏறிய சாலை, ராம்பூரில் சட்லஜ் கரைக்கு, ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு இறங்கிவிடும். அப்புறம் மறுபடியும் ஏற்றம். வால்பாறை போகும்போது 40 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவோம், பலகையும் வைத்திருப்பார்கள். இங்கே யாரும் எண்ணுவதில்லை, எண்ணினால் தலைசுற்றும். தராண்டா அருகே சாலையைப் பாறையில் குடைந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்க, கீழே நேராக சட்லஜ். அங்கே ஒரு அம்மன் கோவில். பஸ் நின்றது, டிரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தார், கண்டக்டர் ஒரு பிடி பொரியும் சர்க்கரையும் கொடுத்தார். நம் ஊரில் மலையேறும் முன்னால் லாரிக்காரர்கள் கருப்பசாமிக்குத் தேங்காய் உடைப்பதுதான்.

கும்பிட வேண்டிய சாலைதான் அது. 2021 ஆகஸ்ட் 11 அன்று இதே தடத்தில் நிகுல்சாரியில் மலை சரிந்து, ஒரு பஸ்ஸும் மற்ற வண்டிகளும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் பேச்சு தானாக நின்றது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கின்னௌர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. ஸ்பிதியில் மழை குறைவு, அது மழை மறைவுப் பகுதி. ஆனால் அங்கே போகும் வழி முழுக்க மழைக்குள் இருக்கிறது.

வாந்தி பற்றிச் சொல்லாமல் மலை பஸ் பற்றி எழுதக் கூடாது. எங்களுக்கு முன்னால் இருந்த சீட்டில் ஒரு சின்னப் பெண் ஜன்னலைத் திறந்து அலுங்காமல் வாந்தி எடுத்தாள், மூடினாள், பாட்டியின் மடியில் தூங்கிப் போனாள். அதிலிருந்து நான் கற்றது, எதிரே திறந்த ஜன்னல் இருந்தால் நம் ஜன்னலை மூடி வைப்பது. அவோமின் மாத்திரையைப் பஸ் ஏறுவதற்கு அரைமணி முன்னால் போட வேண்டும். வயிறு புரட்ட ஆரம்பித்தபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். காலிவயிறும் கூடாது, பரோட்டாவை ஒரு கட்டு கட்டுவதும் கூடாது. ஒரு ரொட்டி, டீ போதும். கடைசி வரிசையில் உட்கார வேண்டாம். அது சீட்டே இல்லை, முறம், புடைத்துவிடும். நடுவில், இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் கிடைத்தால் பாக்கியம். ஆற்றைப் பார்க்க எந்தப் பக்கம் உட்காரலாம் என்று மச்சினன் கேட்டுக்கொண்டே இருந்தான். சாலை பாலத்துக்குப் பாலம் கரை மாறும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் உங்கள் பங்குப் பாதாளம் உங்களுக்குக் கிடைக்கும்.

கல்பாவில் இரண்டு ராத்திரி தங்கினோம். ரெகாங் பியோவிலிருந்து சின்ன பஸ் ஏறிப் போகிறது. எதிரே கின்னர் கைலாசம், 6,000 மீட்டருக்கு மேல். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பனி நிறம் மாறுவதை மொட்டைமாடியில் உட்கார்ந்து பார்த்தோம். கீழே ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லார் தலையிலும் பச்சை வெல்வெட் பட்டி வைத்த கின்னௌரித் தொப்பி. கல்பா நம் தேர்தல் வரலாற்றிலும் இடம்பிடித்த ஊர். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று அறியப்பட்ட ஷியாம் சரண் நேகி இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். பனி விழுந்து வழி மூடிவிடும் என்பதால் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்னாலேயே இங்கே வாக்குப்பதிவு நடத்தினார்கள். 1951 அக்டோபர் 25 அன்று அவர் வாக்களித்தார். 2022 நவம்பரில் இறந்தார். பனிக்குத் தேர்தலே வழிவிட்ட ஊரில், பஸ் தாமதம் என்று நாம் முணுமுணுப்பது சரியில்லை.

அங்கே கடைகளில் சில்கோசா என்று ஒரு மெல்லிய நீளக் கொட்டை விற்கிறார்கள், ஒரு வகைப் பைன் மரத்தின் விதை. விலை கேட்டு மச்சினன் வாயை மூடிவிட்டான். நான் நூறு கிராம் வாங்கினேன். அடுத்த நாள் அதுவே எங்களுக்குச் சாப்பாடானது.

ரெகாங் பியோ – காஸா பஸ் விடிகாலையில் கிளம்புகிறது. 200 கிலோமீட்டர், பத்து பதினோரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான். கவுன்ட்டர் திறப்பதற்கு முன்னால் வரிசையில் நின்று சீட் நம்பரோடு டிக்கெட் வாங்கினோம். முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், 'நாளைக்கு ஓடுமா, எத்தனை மணிக்கு' என்று கேட்டுவைத்தது நல்லதாகப் போயிற்று. இணையத்தில் நான் குறித்துவைத்திருந்த நேரத்துக்குப் போயிருந்தால் பஸ்ஸின் புழுதியைத்தான் பார்த்திருப்பேன். மலையில் நேரப் பட்டியல் கண்டக்டர் வாயில் இருக்கிறது. அவரிடம் கேளுங்கள், டீக்கடைக்காரரிடம் கேளுங்கள், இரண்டும் ஒத்துப்போனால் நம்புங்கள்.

பூ என்று ஒரு ஊர். பெயரே அதுதான், பூ. ஊர் மேலே இருக்கிறது. சாலையில் போகிறவனுக்குப் பாறை மட்டும்தான் தெரியும். அதற்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. எதிரே சாலை இல்லை. முந்தின ராத்திரி விழுந்த கல்லும் மண்ணும் ஒரு முப்பதடி நீளத்துக்குச் சரிந்து கிடந்தன. பார்டர் ரோட்ஸ் ஆட்கள் ஜேசிபியோடு வந்துவிட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கல் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தை எடுத்து உட்காரப் போனேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

"ட்ரான்ஷிப்மென்ட்! சாமான் எடுங்க, இறங்குங்க."

அந்த வார்த்தையை அன்றுதான் கற்றேன். சரிவுக்கு அந்தப் பக்கம் காஸாவிலிருந்து வந்த பஸ் நிற்கிறது. அதில் வந்தவர்கள் நடந்து இந்தப் பக்கம் வந்து எங்கள் பஸ்ஸில் ஏறுவார்கள்; நாங்கள் நடந்து போய் அவர்கள் பஸ்ஸில் ஏற வேண்டும். பஸ்கள் இரண்டும் வந்த வழியே திரும்பிவிடும். எவ்வளவு எளிய யோசனை! ஜீப்பில் வந்தவர்கள் சாலை திறக்கும்வரை அங்கேயே காத்துக்கிடந்தார்கள். நாங்கள் முக்கால் மணியில் கிளம்பிவிட்டோம். சொந்த வண்டி இல்லாததன் லாபத்தை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அந்த முப்பதடியை நடப்பது விளையாட்டில்லை. சரிவின் முனையில் ஒருவர் மேலே மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டு, கல் உருளாத நேரம் பார்த்துக் கையசைத்து இரண்டிரண்டு பேராக அனுப்பினார். முதுகில் பை, கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். மச்சினன் சக்கரம் வைத்த சூட்கேஸ் கொண்டுவந்திருந்தான். வேண்டாம் என்று ஊரிலேயே சொன்னேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏர்போர்ட் போகிறவன் வழிதவறி வந்த மாதிரி அவன் நடந்ததைப் பார்த்து, எதிரே வந்த ஒரு கின்னௌர் பாட்டி அத்தனை நெருக்கடியிலும் சிரித்தாள். நடுவில் நின்று போட்டோ எடுக்கப் பார்த்த ஒரு பையனுக்கு ஜேசிபிக்காரர் கொடுத்த வசவு ஹிந்தி தெரியாத எனக்கே புரிந்தது. பிற்பகல் காற்று கிளம்பினால் காய்ந்த மலையிலிருந்து கல் தானாக உதிரும். அதனால்தான் இந்த வழியில் எல்லாரும் காலையிலேயே தூரத்தைக் கடந்துவிடப் பார்க்கிறார்கள்.

காப் பாலத்தில் சட்லஜ் எங்களைவிட்டுப் பிரிந்தது. திபெத்திலிருந்து வரும் அந்த ஆறு ஒரு நிறம், அதில் வந்து சேரும் ஸ்பிதி ஆறு வேறு நிறம். கொஞ்ச தூரம் இரண்டும் கலக்காமலே ஓடுகின்றன. இதற்குப் பிறகு மரம் என்பது ஊர் இருக்கும் இடத்தில் மட்டும்தான். 'உலகின் மிக ஆபத்தான சாலையில் பயணம் செய்கிறீர்கள்' என்று இங்கிலீஷில் ஒரு பலகை. படித்த பிறகு என்ன செய்வது? இறங்கவா முடியும்? பஸ் வளைந்து வளைந்து நாக்கோவுக்கு ஏறியது.

நாக்கோவில் ஒரு ராத்திரி, அடுத்த நாள் அதே பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் நின்று தாபோ. நடுவழியில் ஏறினால் சீட் கிடைக்காது. நான் பட்டாணி மூட்டை மேல் உட்கார்ந்து போனேன். மலை பஸ்ஸில் மூட்டை பிரயாணிக்குச் சமம். மருந்துப் பொட்டலம், டியூஷன் புத்தகம், கதவுச் சட்டம், யாரோ யாருக்கோ கொடுத்துவிட்ட தாவணி அளவுச் சால்வை எல்லாவற்றையும் கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிக் கொடுத்தார். நிறுத்தம்தோறும் 'ஜூலே, ஜூலே'. வணக்கம், நன்றி, போய்வா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். நாங்களும் சொன்னோம். சொன்ன பிறகு உட்கார இடம் நகர்ந்து கொடுத்தார்கள்.

தாபோவில் 996ஆம் ஆண்டில் கட்டிய மடம் இருக்கிறது. ராஜராஜன் பெரிய கோவிலைக் கட்டி முடிப்பதற்குச் சில வருஷம் முன்னால். அங்கே கருங்கல், இங்கே வெறும் மண். வெளியே பார்த்தால் உயரமான புற்றுக்கூட்டம் போல இருக்கும். உள்ளே இருட்டு, கண் பழகப் பழகச் சுவரெல்லாம் ஓவியமும் சுதைச் சிற்பமும் மெதுவாக எழுந்து வருகின்றன. படம் எடுக்க அனுமதியில்லை. அது நல்லது என்று சொல்வேன். இரண்டு நாள், காலையும் மாலையும் போனேன்.

இனி எங்கள் தவறு. தாபோவிலிருந்து காஸா வந்து இறங்கினபோது மாலை ஐந்து இருக்கும். பக்கத்திலேயே கிப்பர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. இவ்வளவு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து, நின்றால் ஏறிவிட வேண்டும் என்ற புத்தி வந்திருந்தது. காஸாவில் ஒரு ராத்திரி படுத்திருக்க வேண்டும், உண்மையில் இரண்டு. "ஏறிடுவோம் அத்தான், நாளைக்கு இது இருக்குமோ இருக்காதோ" என்றான் மச்சினன். எனக்கும் ஆசைதான். 20 கிலோமீட்டர்தானே என்று ஏறினோம். ஆனால் உயரக் கணக்கு வேறு. முந்தின ராத்திரி 3,280 மீட்டரில் தூங்கியவர்கள் அன்று 4,270 மீட்டரில் படுத்தோம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. 1,000 மீட்டருக்கு ஒரு நாள் ஓய்வும் வேண்டும். இது எனக்குத் தெரியும். நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டு பையில் இருந்தது.

தங்கின வீட்டில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் கொடுத்தார்கள். மச்சினன் கிண்ணத்தைத் தொடவில்லை. எட்டு மணிக்குத் தலை வெடிக்கிறது என்றான். ஒன்பதரைக்கு வாந்தி. அப்புறம் இன்னொரு தடவை.

"மாப்ள, எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் இல்ல அத்தான், பஸ்ல வந்த அலுப்பு" என்றான், கண்ணைத் திறக்காமல்.

இந்தப் பதில்தான் ஆபத்து. மலையில் தலைவலி வந்தால் அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு என்று நிரூபணமாகும்வரை. ஜிம் உடம்பு இதில் உதவாது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் உடம்பு பழகும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், தசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பலசாலிகள் மற்றவர்களைவிட வேகமாக ஏறி, சொல்ல வெட்கப்பட்டு, அதிகமாக மாட்டிக்கொள்வதும் உண்டு. ஊரிலேயே டாக்டரைக் கேட்டு, மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். 'எனக்கு எதுக்கு' என்று அவன் அதைத் தொடவில்லை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாது என்பதால், அவனுக்கு அதைச் சட்டென்று கொடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. இருவருமே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. தள்ளாட்டம், பிதற்றல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. அவனை எழுப்பித் தரைக் கம்பளத்தின் கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னேன். நேராக நடந்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நடக்கவைத்தேன், 'போலீஸ்காரன் மாதிரி பண்ணாதீங்க' என்று திட்டினான். திட்டு தெளிவாக இருந்தது. அதுவும் நல்ல அறிகுறி.

வீட்டுக்கார அம்மா பூண்டு சூப் காய்ச்சிக் கொண்டுவந்தார். மருந்தோ இல்லையோ, சூடாக ஏதோ உள்ளே போயிற்று. அப்புறம் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு டிரைவர் படுத்திருந்த அறைக்குப் போனார். கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி முழுதும் கேட்டுக்கொண்ட அந்த மனிதர், "காலையில் முதல் சீட் உங்களுக்கு. நடுவில் மோசமானால் கதவைத் தட்டுங்கள், நான் எடுக்கிறேன்" என்றார். வெளியே வந்தேன். நட்சத்திர வெளிச்சத்தில் பஸ் உறைந்துபோய் நின்றது. கூரைமேல் பனித்துளி கட்டியிருந்தது. எங்கள் ஊர் ஆலமரம் ஞாபகம் வந்தது.

தட்ட வேண்டி வரவில்லை. காலை பஸ்ஸில் இறங்கினோம். காஸா ஆஸ்பத்திரியில் விரலில் கருவி மாட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் ஆக்சிஜன் கொடுத்து, 'இரண்டு நாள் மேலே போகாதே, தண்ணீர் குடி' என்று அனுப்பினார்கள். மத்தியானம் அவனாகவே சோறு கேட்டான். 600 மீட்டர் இறங்கியதுதான் பாதி மருந்து.

காஸாவில் சும்மா கிடந்த அந்த இரண்டு நாளில்தான் பஸ்களின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. கிப்பர் பஸ், 'பின்' என்ற பள்ளத்தாக்கின் கடைசி ஊரான 'முத்'துக்குப் போகும் பஸ், எல்லாம் சாயங்காலம் காஸாவிலிருந்து ஏறுகின்றன. ராத்திரி ஊரில் நின்று காலையில் இறங்குகின்றன. ஊர்க்காரன் காலையில் டவுனுக்கு வந்து வேலை முடித்து மாலையில் வீடு திரும்புவதற்கான ஏற்பாடு அது. நாமோ காலையில் ஏறிப் பார்த்துவிட்டு மாலையில் காஸா ஓட்டலுக்குத் திரும்ப நினைக்கிறோம். நம் தேவை நேர் எதிர்த்திசை. 'ஸ்பிதியில் பஸ்ஸில் ஊர் பார்க்க முடியாது, ஜீப்தான்' என்று பலர் சொல்வது இதனால்தான். முடியும், அந்தந்த ஊரில் ஒரு ராத்திரி தங்கத் தயாராக இருந்தால். தங்குவதற்கு வீடுகள் இருக்கின்றன. வீட்டுச் சாப்பாடு உண்டு. தண்ணீர் உறையும் ஊர் என்பதால் கழிப்பறை பல வீடுகளில் மண் போட்டு மூடும் வகை, அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும். உடம்பு பழகியபின் மட்டும் தங்குங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஷேர் டாக்ஸியில் லாங்சா, ஹிக்கிம், கோமிக் போனோம். இந்த முறை மேலே நடந்துவிட்டுக் கீழே வந்து தூங்குவது என்ற ஒழுங்கோடு. ஹிக்கிமில் 4,400 மீட்டருக்கு மேல் ஒரு தபால் நிலையம், 1983இலிருந்து இயங்குகிறது. அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். 'இது வேற காஸா' என்று முதல் வரி. நாங்கள் ஊர் வந்து சேர்ந்து நெடுநாள் கழித்து அது வந்தது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காஸாவில் ஏடிஎம் உண்டு. நாங்கள் போனபோது அதில் கரண்ட் இருந்தது, நெட் இல்லை. அடுத்த நாள் நெட் இருந்தது, பணம் இல்லை. ரெகாங் பியோவிலேயே எடுத்து இரண்டு பேரும் பிரித்து வைத்துக்கொண்டதால் தப்பித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தப் பஸ் செலவு ஒரு நாள் ஜீப் வாடகையைத் தொடவில்லை. போன் விஷயத்தில், எனது பழைய பிஎஸ்என்எல் சிம்மை ஊரில் கேலி செய்த மச்சினன், கிராமங்களில் என்னிடம்தான் போன் வாங்கி அவன் அக்காவிடம் பேசினான்.

காஸாவிலிருந்து மணாலி பஸ் இருட்டிலேயே கிளம்புகிறது. எதற்கு இந்த வதை என்று நினைத்தேன். பாதையைப் பார்த்ததும் புரிந்தது. குன்சும் தாண்டியபின் சந்திரா ஆற்றோரம் கிராம்பூ வரை சாலை என்று சொல்ல முடியாது, உருண்டைக் கற்கள்தான். குறுக்கே ஓடைகள், பாலம் கிடையாது. ஒன்றின் பெயரே பாகல் நாலா, பைத்தியக்கார ஓடை. வெயில் ஏற ஏற மேலே பனியாறு உருகி, மத்தியானத்துக்குமேல் ஓடையில் தண்ணீர் இரண்டு மடங்காகிவிடும். விடிகாலையில் முழங்காலளவு ஓடுவது மாலையில் வண்டியைத் தள்ளும். அதனால்தான் இந்த வழியில் நேரத்தை ஓடை வைக்கிறது, டிரைவர் கேட்டு நடக்கிறார்.

குன்சுமில் பஸ் கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எல்லாரும் இறங்கினோம். ஒரு கல்லில் நாணயத்தை ஒட்டவைக்கிறார்கள். ஒட்டினால் மனம் சுத்தம் என்று பேச்சு. மச்சினனுடையது ஒட்டியது. என்னுடையது மூன்று தடவையும் விழுந்தது. கிப்பர் பஸ்ஸில் ஏறியது நினைவுக்கு வந்தது.

கணவாய்க்குக் கீழே பாதல் என்ற இடத்தில் ராஜ்மா சாதம். அந்த இடத்தின் அமைதி ஏமாற்றக்கூடியது. 2018 செப்டம்பரில், இதே பருவத்தில், திடீரென்று பனி கொட்டி லாகௌல்-ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானவர்கள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்துதான் பலரை மீட்டன. திரும்பும் ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் நாங்கள் மூன்று நாள் சும்மா விட்டிருந்தோம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைந்தது இரண்டு நாளாவது விட வேண்டும். லீவு இல்லை என்றால் ஊர் எண்ணிக்கையைக் குறையுங்கள், அந்த இரண்டு நாளைக் குறைக்காதீர்கள்.

கிராம்பூவில் தார்ச்சாலை வந்தது. பஸ்ஸில் பத்து மணி நேரமாகக் கடகடத்துக்கொண்டிருந்த ஜன்னல்கள் ஒரே நேரத்தில் வாயை மூடின. அப்புறம் அடல் சுரங்கம், 9 கிலோமீட்டர், 2020இல் திறந்தது. உள்ளே போகும்போது இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை. வெளியே வரும்போது தேவதாரு, பசேலென்று, நனைந்து நிற்கிறது. பல நாளாகப் பச்சை பார்க்காத கண் கூசியது. பஸ்ஸில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான்தானோ என்னவோ.

மணாலியில் இறங்கியதும் மச்சினன் டீ குடிக்கப் போனவன் அரைமணியாகக் காணோம். சூட்கேஸுக்குக் காவலாக நான் நின்றேன். அதில் ஒரு சக்கரம் ஏற்கெனவே பூவுக்குப் பக்கத்தில் சட்லஜோடு போய்விட்டது. கடைசியில் விசாரணை கவுன்ட்டர் பக்கமிருந்து வந்தான்.

"அத்தான், டெல்லியிலேர்ந்து லேவுக்கு ஒரு பஸ் இருக்காம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. இப்ப சீசன் முடிஞ்சிட்டு, அடுத்த வருஷம் ரோடு திறந்ததும் விடுவாங்களாம்."

"சரி."

"ராத்திரி எங்க நிக்கும்னு கேட்டேன். கேலாங்ல நைட் ஹால்ட்டாம். கேலாங் 3,000 மீட்டருக்கு மேல. அப்ப நாம அதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் கேலாங் போய்ப் படுத்துக்கணும், இல்லையா?"